பொறி பறக்கலையே, சார்!

முதலிலேயே ஒரு உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் பி.காம். டெபிட் இடது பக்கம், கிரெடிட் வலது பக்கம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்று முழித்துக் கொண்டிருக்கும்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. இந்த லட்சணத்தில் என்னிடம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட் இருக்கிறது. அப்பா வாங்கியது. ராகிக் கொல்லைக்கு ராக்காவல் போக அவர் இதைத்தான் ஓட்டினார். அவர் போய்விட்டார். வண்டி என் பெயருக்கு வந்துவிட்டது. (பிற சொத்துக்கள்: ஒரு டார்ச் லைட், ஒரு மஃப்ளர்.)

1980-ல் இரண்டு பேர் உட்காரும் மொபெட்டை டி.வி.எஸ். நிறுவனம் எங்கள் ஓசூரிலிருந்துதான் வெளியே விட்டது. அதனால் எங்கள் பக்கத்தில் மொபெட் ரிப்பேர் தெரியாது என்று ஒருவன் சொன்னால், மணப்பாறையில் இருந்துகொண்டு முறுக்கு சாப்பிட்டதில்லை என்று சொல்கிற மாதிரி. என் வண்டி எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள். நடந்த தப்பில் கம்பெனிக்குப் பங்கே இல்லை. யாருக்குப் பங்கு என்பது கடைசியில் தெரியும். எனக்கும் கடைசியில்தான் தெரிந்தது.

நான் இருப்பது சானமாவு. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற வழியில், காட்டை ஒட்டிய ஊர். இந்தப் பக்கம் பார்த்தால் சிப்காட் புகைபோக்கி, அந்தப் பக்கம் பார்த்தால் மரம். ராகி கதிர் பிடிக்கிற பருவத்தில் கர்நாடகத்திலிருந்து யானைகள் கூட்டமாக வரும். பன்னேர்கட்டா, ஜவளகிரி, தளி என்று ரூட் பஸ் மாதிரி ஒவ்வொரு ஸ்டாப்பாக இறங்கி, எங்கள் காட்டில் வந்து தங்கும். பகலெல்லாம் தூக்கம். இருட்டினால் கொல்லை. எங்கள் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவோம். யானைக்கு மூன்றுமே புரியாது. பட்டாசு ஒன்றுதான் புரியும். இப்போதெல்லாம் அதற்கும் 'என்ன தீபாவளியா?' என்கிற மாதிரி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ராகியில் தும்பிக்கையை விடுகிறது.

போன டிசம்பரில் ஒருநாள் ராத்திரி. என் மகளுக்கு ஏழு வயசு. அவளை ஓசூரில் பல் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மணி எட்டு இருக்கும். நல்ல பனி. பின் சீட்டில் அவள், முன்னால் ஹேண்டிலில் ஒரு பை, பையில் இரண்டு சீப்பு வாழைப்பழம். காட்டு ரோட்டில் நுழைந்து கொஞ்ச தூரம் வந்ததும் எதிரே டார்ச் வெளிச்சம் ஆடியது. வனத்துறை காவலர்.

"நில்லுங்க, நில்லுங்க! லைட்டை அணைங்க! கிராஸ் ஆவுது!"

எனக்கு முன்னால் ஒரு தக்காளி டெம்போவும் மூன்று பைக்குகளும் நின்றிருந்தன. எல்லோரும் என்ஜினை நிறுத்தினார்கள். நானும் நிறுத்தினேன். செய்யக் கூடாததைச் செய்தேன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

யானை ரோட்டைத் தாண்டும்போது சத்தமே வராது, தெரியுமோ? அத்தனை பெரிய உடம்பு. மெத்தை மேல் நடக்கிற மாதிரி போகும். இருட்டு கொஞ்சம் நகர்வது போல் இருந்தது. என் மகள் காதுக்குப் பக்கத்தில் எண்ணிக்கொண்டே வந்தாள். "...ஒம்பது, பத்து... அப்பா, அது குட்டி!"

பதினொன்று போனதும் காவலர் கையை வேகமாக ஆட்டினார். "இன்னும் பாதிக் கூட்டம் அந்தாண்ட நிக்குது. அதுங்க வர்றதுக்குள்ள போயிடுங்க. சீக்கிரம், சீக்கிரம்!"

பைக்குகள் பறந்தன. நான் பெடலை மிதித்தேன். 'புஸ்' என்றது. மறுபடி மிதித்தேன். 'புஸ் புஸ்' என்றது. பெட்ரோல் இருக்கிறது. சோக் போட்டேன், எடுத்தேன். மிதி, மிதி, மிதி. அந்தக் குளிரில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. பின்னால் காட்டுக்குள்ளே ஒரு கிளை முறிகிற சத்தம். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அவங்க வர்றாங்களா?" என்றாள். யானையை 'அவங்க' என்று மரியாதையாகச் சொன்னாள். எனக்கு வாய் வரவில்லை.

"யோவ், வண்டியைப் போட்டுட்டுக் கொழந்தையைத் தூக்குய்யா!" என்று காவலர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். டெம்போக்காரர் ரிவர்ஸில் வந்தார், புண்ணியவான். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் குழந்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு நானும் தொற்றிக்கொண்டேன். அப்பாவின் மொபெட் ரோட்டோரத்தில் ஸ்டாண்டு போட்டு நின்றது. திரும்பிப் பார்க்கும் தைரியம் இல்லை.

காலையில் போய்ப் பார்த்தேன். வண்டி நின்ற இடத்தில் நின்றது. கண்ணாடிகூட உடையவில்லை. பையில் வாழைப்பழம் மட்டும் இல்லை. மனிதன் தின்றிருந்தால் தோலாவது கிடக்கும். தோலும் இல்லை. ஆகவே யானை கணக்கில் பற்று எழுதினேன். பெடலை ஒரே ஒரு மிதி மிதித்தேன். 'டுர்ர்ர்' என்று கிளம்பிவிட்டது. வெயில் வந்தவுடன் நல்ல பிள்ளை!

அப்போதிலிருந்துதான் ஆரம்பித்தது என் அர்ச்சனை. வீட்டில் "இனிமே பொழுது சாய்ஞ்சப்புறம் அந்த வண்டியில என் பொண்ணை ஏத்தினீங்கன்னா..." என்று ஒரு பாதி வாக்கியம். மீதிப் பாதியை அவள் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஓசூரில் இரண்டு கடைகளுக்கு மாலை நேரத்தில் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கட்டுரை எழுதி எந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்கிறது? அந்த வருமானமும் ஆட்டம் காண ஆரம்பித்தது.

மெக்கானிக்கிடம் போனேன். பகலில் போனால் வண்டி ஒரே மிதியில் கிளம்புகிறது. "என்ன சார் கம்ப்ளெய்ன்ட்?" என்று அவர் என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் ஒரு முடிவுக்கு வந்து, "பிளக்கு வீக்" என்றார். மாற்றினார். நாலு நாள் கழித்துப் பனியில் மறுபடி நின்றது. "கார்புரேட்டர்" என்றார். கழுவினார். மறுபடி நின்றது. "டூப்ளிகேட் பிளக் மாட்டிட்டாங்க சார்" என்று (மாட்டியவரே!) இன்னொரு பிளக். அடுத்து காயில். இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பிளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்து, "கெட்டியாப் புடிங்க சார், ஸ்பார்க் இருக்கான்னு பாக்கலாம்" என்று பெடலை ஒரு மிதி மிதித்தார். எனக்கு ஸ்பார்க் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. தோள்பட்டை வரைக்கும் தெரிந்தது. கடைப் பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். நோட்டில் கூட்டிப் பார்த்தால் மொத்தம் 2,140 ரூபாய். வரவு பூஜ்யம்.

பொங்கல் கழிந்து என் சகலை பையனுக்குக் காதுகுத்து என்று நாகப்பட்டினம் போனோம். சகலை அக்கரைப்பேட்டையில் ஐஸ் வியாபாரம். சாயங்காலம் பந்தியெல்லாம் முடிந்து கடற்கரைப் பக்கம் நடந்து வந்தோம். ஒரு வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய டிரம், டிரம்மின் விளிம்பில் கட்டையைக் கட்டி, கட்டையில் ஒரு படகு என்ஜின் மாட்டித் தொங்கியது. அவுட்போர்டு மோட்டார். விசிறி தண்ணீருக்குள், தலை மேலே. பெரியவர் ஒருவர் அதன் மூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயசு இருக்கும்.

"என்னண்ணே, ஓடலியா?" என்றார் சகலை.

"கரையில ஓடுது. உள்ள போனா, விடியக்காலப் பனியில நின்னுபுடுது. பொறி செத்துக் கெடக்கு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது என் வண்டியின் ஜாதகமாயிற்றே! "ஐயா, என் மொபெட்டும் இப்படித்தான் பண்ணுது" என்றேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"ஓசூர்ப் பக்கம். சானமாவு."

"அங்க கடல் இருக்கா?"

"இல்லீங்க. யானை இருக்கு."

நடந்ததைச் சொன்னேன். மகளைத் தக்காளிக் கூடையில் போட்டது வரை. அவர் சிரிக்கவில்லை. "உக்காரு" என்று திண்ணையைத் தட்டினார்.

"ஒனக்கு யானை. எனக்கு நீரோட்டம்" என்று ஆரம்பித்தார். வாலிபத்தில் ஒருமுறை கோடியக்கரைக்குத் தெற்கே போனபோது நடுராத்திரியில் பொறி விட்டுப் போனதாம். இழுத்து இழுத்துக் கை கொப்புளித்ததுதான் மிச்சம். விடிந்தபோது கரை கண்ணுக்குத் தெரியவில்லை. நங்கூரம் போட்டால் கயிறு எட்டவில்லை. 1974-லும் 1976-லும் இரண்டு தேசமும் ஒப்பந்தம் போட்டுக் கடலில் எல்லை வகுத்திருக்கிறார்கள். வரைபடத்தில் இருக்கும் அந்தக் கோடு தண்ணீரில் தெரியாது. ஓடாத படகை நீரோட்டம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கொண்டுபோய் விடும். அந்தப் பக்கம் போனால் ஜெயில், படகும் போய்விடும். இரண்டு ராத்திரி மிதந்த பிறகு இன்னொரு படகு பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வந்தார்களாம். "வந்து எறங்குனப்ப எங்கம்மா என்னைய அடிச்சிச்சு. அழுதுகிட்டே அடிச்சிச்சு" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதுலேர்ந்து பொறியை நானே பாப்பேன். எவன்கிட்டயும் வுடுறதில்ல" என்றார்.

அங்கே அரை மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது, மூன்று வருஷம் காலேஜில் கற்றதைவிட அதிகம் என்று சொன்னால் என் புரொபஸர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

படகு என்ஜினும் என் மொபெட்டும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளாம். இரண்டிலும் பொறிக்கு பாட்டரி வேண்டாம். கயிற்றை இழுத்தாலோ பெடலை மிதித்தாலோ காந்தம் பதித்த சக்கரம் சுற்றும். பக்கத்திலிருக்கும் கம்பிச் சுருளில் கரண்ட் பிறக்கும். காயில் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஊதிப் பெரிதாக்கும். அது தடித்த ரப்பர் ஒயர் வழியாக பிளக்குக்குப் போய், முனையில் 'டிக்' என்று குதிக்கும். காற்றில் ஒரு மில்லிமீட்டர் தாண்டவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும் என்று பள்ளிக்கூட பௌதிகத்தில் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. (பாஸ் பண்ணினேன், சந்தேகப்படாதீர்கள்.)

"வெளிய வெச்சுப் பாத்தா குதிக்கும் தம்பி. அது பெரிசில்ல. உள்ளார பிஸ்டன் அமுக்குற அமுக்குல குதிக்கணும். காத்து இறுகிடுச்சுன்னா குதிக்கறது கஷ்டம். வெளிய சவுடால் அடிச்சுட்டு உள்ள போனா பம்முறவன் இருக்கான்ல, அந்த மாரி" என்றார். என் மெக்கானிக்குகள் எல்லோரும் வெளியே சவுடாலைப் பார்த்தே 'ஸ்பார்க் ஓக்கே' என்று சொல்லியிருக்கிறார்கள்!

அதற்கு அவரிடம் ஒரு தந்திரம். ஒரு பழைய பிளக்கின் பக்கவாட்டுக் கொம்பை ஒடித்து எறிந்திருந்தார். பொறி இப்போது நடு முனையிலிருந்து ஓரத்துக்கு வெகுதூரம் தாண்டவேண்டும். இதைத் தாண்டினால்தான் அமுக்கத்திலும் தாண்டுமாம். முதலில் பெட்ரோல் கேனைத் தூரமாக எடுத்துப் போகச் சொன்னார். என்ஜினைத் துணியால் துடைத்தார். "பொறியும் பெட்ரோலும் கிட்ட இருந்தா கல்யாணமில்ல, கருமாதி." பிறகு ஓட்டை பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் இரும்பு உடம்பை என்ஜின் தலையில் ஒரு ஒயரால் இறுகக் கட்டினார். "இது எர்த்துல ஒட்டாம தொங்குனா கரண்டு போக எடமில்லாம அந்தக் கறுப்புப் பொட்டியை அடிச்சுடும்" என்று சி.டி.ஐ. என்ற சாதனத்தைக் காட்டினார். அதன் விலையைச் சொன்னார். நான் உட்கார்ந்திருந்ததால் விழவில்லை.

பேரன் கயிற்றை இழுத்தான். ஆரஞ்சு நிறத்தில் மெல்லிசாக ஒரு இழை வந்து, வராமல், வந்தது. "நீலமா, 'டிக்டிக்'குன்னு சத்தத்தோட வரணும். இது சீக்காளி."

இப்போதுதான் வேடிக்கை. நானாக இருந்தால் (அதாவது நான் கூட்டிப்போகும் மெக்கானிக்காக இருந்தால்) உடனே காயிலை மாற்றியிருப்பேன். அவர் ஒன்றையும் மாற்றவில்லை. ஒவ்வொன்றாக விலக்கினார். முதலில் என்ஜினை நிறுத்தும் பட்டனின் ஒயரைக் கழற்றிவிட்டு இழுக்கச் சொன்னார். மாற்றமில்லை. பட்டன் நிரபராதி, மறுபடி மாட்டியாயிற்று. அடுத்து எர்த் ஒயர் பிடித்திருந்த இடம். உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. கத்தியால் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி இறுக்கினார். பொறி கொஞ்சம் தேறியது. அடுத்து பிளக் தொப்பியைத் திருகிக் கழற்றினார். உள்ளே ஒயர் முனையில் தாமிரம் பச்சையாகக் களிம்பேறியிருந்தது. அரை அங்குலம் நறுக்கி எறிந்துவிட்டுத் தொப்பியைப் புதுத் தாமிரத்தில் திருகினார்.

"இழுடா."

'டிக். டிக். டிக்.' நீலம்!

நான் கை தட்டிவிட்டேன். அவர் தட்டவில்லை. "இரு. இன்னொண்ணு பாக்கி. பொழுது சாயட்டும்" என்றார். டீ வந்தது. இருட்டினதும் திண்ணை விளக்கை அணைத்தார். ஒரு பாட்டில் நல்ல தண்ணீரை விரலால் தொட்டு ஒயர் நெடுகத் தெளித்தார். "கையை எடுத்துக்க. யாரும் தொடக் கூடாது. இழுடா." ஒயரின் நடுவே ஒரு இடத்தில், மயிர் மாதிரி நீலமாக ஒன்று ஓடி இரும்பைத் தொட்டது. ரப்பரில் ஒரு வெடிப்பு. பகலில் பூதக்கண்ணாடி போட்டாலும் தெரியாது. "உப்புப் பனி பட்டா கரண்டு இது வழியா ஓடிப்போயிடும். பிளக்குக்கு மிச்சந்தான் போகும். காஞ்ச நேரத்துல ஒழுங்கா இருக்கும். ஒன் வண்டியும் இருட்டுல பாரு. பகல்ல அது பொய் சொல்லும்" என்றார். ஒயரை மறுநாள் மாற்றப் போவதாகச் சொன்னார். நான் காசு எடுக்கப் பார்த்தேன். "யானைக்கு ரெண்டு பழம் வாங்கிக் கொடு" என்று துரத்திவிட்டார்.

ஊர் திரும்பின அன்றைக்கே ராத்திரி எங்கள் வாசலில் பூஜை ஆரம்பமானது. பெட்ரோலை மூடி, துடைத்து, பிளக்கைக் கழற்றி, உடம்பை என்ஜின் தலையில் கட்டினேன். திருமதி பெடல் மிதிக்கச் சம்மதித்தாள். ("இதையும் நானேதானா?") மகள் கையில் தண்ணீர்ச் சொம்பு. தெளிக்கச் சொல்லி, தூரமாகத் திண்ணையில் ஏறி உட்காரச் சொன்னேன். விளக்குகளை அணைத்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி, "ஏமாயித்ரா, கரண்டு போயிந்தா?" என்று கேட்டதை நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

"மிதி."

பிளக் முனையில் பொறி வந்தது. வெளிறிப்போய், சோகையாக. எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. இன்னொரு தரம் மிதிக்கச் சொன்னேன். திண்ணையிலிருந்து மகள் கத்தினாள்: "அப்பா! அங்க பாரு, நீலப் புழு! நீலப் புழு ஓடுது!"

அவள் கை காட்டிய இடம், பிளக் ஒயர் வண்டிச் சட்டத்தைத் தொட்டுப் போகும் இடம். குனிந்து பார்த்தேன். எண்ணெயும் தூசியும் அப்பிக் கறுத்து ஒரு முடிச்சு. விளக்கைப் போட்டுத் துணியால் துடைத்தேன்.

கட்டுக்கம்பி.

அதைக் கட்டியவன் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பிளக் தொப்பி அடிக்கடி கழன்று விழுகிறது என்று, ஒயரைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி, கட்டிங் பிளேயரால் முறுக்கு முறுக்கு என்று முறுக்கிவிட்டு, "இனி கழலுமா பார்க்கிறேன்" என்று மீசையைத் தடவிக்கொண்ட பி.காம். சாட்சாத் அடியேன்தான்! கம்பி ரப்பரை மெல்ல மெல்ல அறுத்துத் தாமிரம் வரை போய்விட்டது. வெயிலில் சமாளித்தது. பனி விழுந்ததும் கரண்ட் அத்தனையும் கம்பி வழியாகச் சட்டத்துக்கு ஓடியது. புதுக் காயில் மாட்டியபோதும் பழைய ஒயரையே அதில் திருகி, என் கம்பியையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். கெட்டியாக இருக்கிறதே என்று நினைத்திருப்பார்கள்.

திருமதி ஒன்றும் சொல்லவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை.

அறுபட்ட இடம் நல்ல வேளையாகத் தொப்பிக்கு இரண்டங்குலம் தள்ளித்தான். ஒயரில் நீளம் மிச்சமிருந்தது. காயம் பட்ட பகுதியை நறுக்கி எறிந்து, புதுத் தொப்பி ஒன்றை வாங்கித் திருகினேன். 40 ரூபாய். சட்டத்தோடு உரசாமல் இருக்க ஒரு துண்டு சைக்கிள் ட்யூபைச் சுற்றினேன். கம்பி கட்டவில்லை. மறுபடி ராத்திரி, மறுபடி சொம்பு, மறுபடி இருட்டு. நீலப் புழு இல்லை. பிளக்கில் மட்டும் 'டிக்' என்று நீலமாக ஒன்று.

பிப்ரவரியில் ஒருநாள் பனி மூட்டத்தில், அதே ரோட்டில், அதே காவலர் டார்ச் ஆட்டினார். பின்னால் மகள் இருந்தாள். (வீட்டில் ஒரு வாரம் மனுப்போட்டு அனுமதி வாங்கியிருந்தேன்.) என்ஜினை நிறுத்தினேன். ஆறு யானை போனது. கையை ஆட்டினார். பெடலில் கால் வைக்கும்போது முழங்கால் ஆடியது நிஜம். ஒரு மிதி. 'டுர்ர்ர்ர்.'

"இன்னிக்கு ஓடுதே!" என்றார் காவலர்.

வீட்டுக்கு வந்ததும் சகலைக்குப் போன் போட்டு, பெரியவரிடம் கொடுக்கச் சொன்னேன். நீலப் புழுவைச் சொன்னேன், கட்டுக்கம்பியை மட்டும் விட்டுவிட்டு. அவர் 'ம்... ம்...' என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "ஒயரை எதால கட்டியிருந்துச்சு தம்பி?" என்றார்.

எனக்கு லைன் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.